குருதி மக்னீசிய மிகைப்பு

குருதி மக்னீசிய மிகைப்பு என்பது குருதியில் மக்னீசியத்தின் அளவு இயல்பான வரம்பைத் தாண்டி உயர்ந்திருக்கும் நிலையாகும். நலமான ஒருவரின் சீரம் எனப்படும் குருதித் தெளியத்தில் மக்னீசியம் டெசிலிட்டருக்கு 1.7 முதல் 2.4 மில்லிகிராம் வரை, அதாவது லிட்டருக்கு 0.7 முதல் 1.0 மில்லிமோல் வரை காணப்படும். இவ்வளவு சற்றே உயர்வதால் பெரும்பாலும் தீங்கு நேர்வதில்லை. பல மடங்கு உயரும்போது தசைகள் தளர்கின்றன, மூச்சு அடங்குகிறது, முடிவில் இதயம் நின்றுவிடவும் கூடும்.

மக்னீசியம் உயிர்வாழ இன்றியமையாத ஒரு தாது. சிறுநீரகங்கள் நன்கு இயங்கும் ஒருவருக்கு உணவில் உள்ள மக்னீசியத்தால் இம்மிகைப்பு ஏற்படுவதில்லை. பெரும்பாலும் இரண்டு நிலைமைகள் ஒன்றுசேரும்போதே இது உண்டாகிறது. ஒன்று, சிறுநீரகங்களால் மக்னீசியத்தை வெளியேற்ற இயலாதிருத்தல். மற்றொன்று, பேதி மருந்து, அமிலமுறி மருந்து, ஊசி மருந்து ஆகியவற்றின் வழியாக மக்னீசியம் மிகுதியாக உடலுக்குள் செல்லுதல். சிறுநீரகம் நன்றாக உள்ளவருக்கும், மிகப்பெரிய அளவு மக்னீசியம் குறுகிய நேரத்தில் உட்சென்றால் இந்நிலை ஏற்படலாம்.

நிலத்தடி நீரின் கடினத்தன்மை மிகுந்த திண்டுக்கல் போன்ற பகுதிகளில் குடிநீருக்கு இதில் பங்கு உண்டா என்பது தனியே நோக்கத்தக்கது. குடிப்பவருக்கு நஞ்சாகாத அதே நீர், தூய்மை செய்யப்படாமல் டயாலிசிஸ் சிகிச்சைக்குப் பயன்பட்டால் உயிருக்கு ஆபத்தாகலாம்.

உடலில் மக்னீசியம்

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 25 கிராம் மக்னீசியம் உள்ளது. இதில் பாதிக்கு மேல் எலும்புகளிலும், எஞ்சியதில் பெரும்பகுதி தசை முதலிய மென்திசுக்களின் உயிரணுக்களிலும் அடங்கியுள்ளது. குருதித் தெளியத்தில் இருப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. நூற்றுக்கணக்கான நொதியங்களின் செயற்பாட்டிற்கும், நரம்புகளும் தசைகளும் முறையாக இயங்குவதற்கும், இதயத்துடிப்பு சீராக அமைவதற்கும் மக்னீசியம் தேவை.

ஒருவருக்கு நாளொன்றுக்கு வேண்டிய அளவு, வயது, பால் ஆகியவற்றைப் பொறுத்து ஏறத்தாழ 300 முதல் 450 மில்லிகிராம் ஆகும். கம்பு, கேழ்வரகு முதலிய சிறுதானியங்கள், உளுந்து, பயறு வகைகள், கீரைகள், நிலக்கடலை, எள் ஆகியவற்றில் மக்னீசியம் நிறைந்துள்ளது. உணவில் உள்ள மக்னீசியத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே குடலில் உறிஞ்சப்படுகிறது. எஞ்சியது மலத்துடன் வெளியேறுகிறது.

மாத்திரை, தூள் ஆகிய வடிவங்களில் உணவுக்கு மேலாக உட்கொள்ளும் மக்னீசியத்திற்கு உச்ச வரம்புகள் வகுக்கப்பட்டுள்ளன. ஐக்கிய அமெரிக்காவின் மருத்துவக் கழகம் 1997 ஆம் ஆண்டில் இதை நாளொன்றுக்கு 350 மில்லிகிராம் என்று குறித்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு 250 மில்லிகிராம் என்று கொள்கிறது. இவ்வரம்புகள் வயிற்றுப்போக்கைத் தவிர்ப்பதற்காக அமைந்தவை. நலமான உடலில் இவற்றைச் சற்று மீறினால் முதலில் காண்பது வயிற்றுப்போக்கேயன்றி நஞ்சேற்றம் அன்று.

சிறுநீரகத்தின் பங்கு

உடலில் சேரும் மிகுதியான மக்னீசியத்திற்குச் சிறுநீரகமே வெளியேறும் வழி. சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிகிராம் மக்னீசியத்தை வடிகட்டுகின்றன. அதில் 95 விழுக்காட்டிற்கும் மேற்பட்ட பகுதி மீண்டும் குருதிக்குள் உறிஞ்சப்பட, 100 மில்லிகிராம் அளவே சிறுநீரில் கழிகிறது. குருதியில் மக்னீசியம் கூடினால் இம்மீளுறிஞ்சல் குறைந்து, கழியும் அளவு பன்மடங்காகிறது. இதனாலேயே நலமான சிறுநீரகங்கள் உள்ளவருக்குக் குருதியில் மக்னீசியம் எளிதில் தேங்குவதில்லை.

சிறுநீரகங்கள் பழுதடையும்போது இந்த ஈடுகட்டும் திறன் படிப்படியாகக் குறைகிறது. வடிகட்டல் வீதம் நிமிடத்திற்கு 30 மில்லிலிட்டருக்குக் கீழே வந்தபின், மக்னீசியம் கலந்த மருந்துகள் ஆபத்தானவை ஆகின்றன. 15 மில்லிலிட்டருக்குக் கீழே சென்றோருக்கு வழக்கமான உணவினாலேயே மக்னீசிய அளவு சற்று உயர்ந்திருக்கலாம். நாட்பட்ட சிறுநீரக நோய் நெடுங்காலம் வெளிப்படையான அறிகுறிகளைத் தருவதில்லை. நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் உள்ள பலர் தம் சிறுநீரகம் பழுதுற்றதை அறியாமலேயே இம்மருந்துகளைக் கடையில் வாங்கி உட்கொள்கின்றனர். முதுமையிலும் வடிகட்டல் வீதம் குறைகிறது.

காரணங்கள்

பேதி மருந்துகள்

எப்சம் உப்பு எனப்படும் பேதியுப்பு, படிக நீர் சேர்ந்த மக்னீசியம் சல்பேட்டு ஆகும். 17 ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் எப்சம் என்னும் ஊரில் இருந்த கசப்பான ஊற்று நீரிலிருந்து எடுக்கப்பட்டதால் இப்பெயர் பெற்றது. இதன் எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு மக்னீசியம். 15 கிராம் பேதியுப்பில் ஏறத்தாழ 1,500 மில்லிகிராம் மக்னீசியம் உள்ளது. இது உணவின் வழியாக மூன்று, நான்கு நாள்களில் கிடைக்கும் அளவுக்குச் சமம்.

இவ்வுப்பு குடலில் முழுமையாக உறிஞ்சப்படுவதில்லை. தன்னுடன் நீரை ஈர்த்து வைத்துக்கொள்வதால் பேதி ஆகிறது. வயிறு கழிந்தவுடன் உப்பின் பெரும்பகுதியும் வெளியேறிவிடும். குடல் அடைப்பு, கடும் மலச்சிக்கல், குடல் அழற்சி ஆகியவை உள்ளவர்களில் உப்பு குடலிலேயே நெடுநேரம் தங்கி, உறிஞ்சப்படும் அளவு கூடிவிடுகிறது. பேதி ஆகவில்லை என்று கருதி மீண்டும் ஒரு முறை உட்கொள்வது இத்தகையோருக்கு மிகவும் ஆபத்தானது. தமிழ்நாட்டில் சில மாதங்களுக்கு ஒருமுறை பேதிக்குச் சாப்பிடும் வழக்கம் முன்னர்ப் பரவலாக இருந்தது. அதற்கு விளக்கெண்ணெயே பெரிதும் பயன்பட்டதெனினும் பேதியுப்பும் பயன்பட்டது. சிறுநீரக நோயாளிகளும் முதியோரும் இவ்வுப்பைத் தாமாக உட்கொள்ளலாகாது.

தென்னை முதலிய பயிர்களுக்கு மக்னீசியச் சத்துக்காக இடப்படும் மக்னீசியம் சல்பேட்டும் இதே வேதிப்பொருளே. எனினும் உரக்கடைகளில் விற்கப்படுவது மருந்துக்குரிய தூய்மை உடையதன்று. அதை உட்கொள்வது எவருக்கும் ஏற்றதன்று.

மக்னீசியம் ஆக்சைடும் மலமிளக்கியாகப் பயன்படுகிறது. சப்பானில் இது மிகப் பரவலாக வழங்கப்படும் மருந்து. நெடுநாள் உட்கொண்ட முதியோர் சிலருக்குக் கடுமையான மக்னீசிய மிகைப்பு ஏற்பட்டதை அடுத்து, 2008 ஆம் ஆண்டிலும் மீண்டும் 2015 ஆம் ஆண்டிலும் அந்நாட்டு அரசு இம்மருந்து குறித்து எச்சரிக்கை விடுத்தது.

அமிலமுறி மருந்துகள்

நெஞ்செரிச்சலுக்கு உட்கொள்ளும் பல நீர்ம மருந்துகளிலும் மெல்லும் மாத்திரைகளிலும் மக்னீசியம் ஐதராக்சைடு உள்ளது. பெரும்பாலும் அலுமினியம் ஐதராக்சைடுடன் சேர்த்தே இது தரப்படுகிறது. அலுமினியச் சேர்மம் மலத்தைக் கட்டுவது; மக்னீசியச் சேர்மம் இளக்குவது. இரண்டையும் கலப்பதால் பேதி தெரியாமல் போகிறது. ஆகவே மிகுதியாக உட்கொண்டாலும், வயிற்றுப்போக்கு என்ற முதல் எச்சரிக்கை கிடைக்காமல் போகலாம். சிறுநீரக நோயாளிக்கு அலுமினியமும் உடலில் தேங்குவது மற்றொரு தீங்கு.

ஊசி மருந்துகள்

மக்னீசியம் சல்பேட்டு நரம்பு வழியாகவோ தசையிலோ செலுத்தப்படும்போது குடல் என்னும் தடுப்பு இல்லை. செலுத்தியது அனைத்தும் உடலுக்குள் சேர்கிறது. ஒருவரின் குருதி நீர்மம் முழுவதிலும் உள்ள மக்னீசியம் ஏறத்தாழ 60 மில்லிகிராம் மட்டுமே. 4 கிராம் மக்னீசியம் சல்பேட்டு ஊசி ஏறத்தாழ 400 மில்லிகிராம் மக்னீசியத்தைக் கொண்டுள்ளது. எனவே அளவிலோ வேகத்திலோ நேரும் பிழைக்கு இங்கு இடமில்லை. இந்தியாவில் 2 மில்லிலிட்டர் குப்பிகளில் வரும் 50 விழுக்காட்டுக் கரைசலில், குப்பி ஒன்றுக்கு 1 கிராம் மருந்து உள்ளது. இச்செறிவில் நரம்பு வழியே செலுத்தலாகாது. 20 விழுக்காடாகவோ அதற்குக் கீழோ நீர்த்த பின்னரே மெதுவாகச் செலுத்த வேண்டும்.

பிற காரணங்கள்

தசைச் சிதைவு, புற்றுநோய்ச் சிகிச்சையின்போது கட்டிகளின் உயிரணுக்கள் திரளாக அழிதல் ஆகியவற்றால் உயிரணுக்களுக்குள் இருந்த மக்னீசியம் குருதிக்கு வரலாம். அட்ரினல் சுரப்பிக் குறைபாடு, தைராய்டுச் சுரப்புக் குறைவு, லித்தியம் மருந்து ஆகியவற்றாலும் அளவு சிறிது உயரலாம். மக்னீசியம் மிகச் செறிந்த சாக்கடலில் மூழ்கி நீரை விழுங்கியவர்களுக்குக் கடும் மக்னீசிய மிகைப்பு ஏற்பட்டுள்ளது.

நச்சுத்தன்மை ஏற்படும் விதம்

நரம்பிலிருந்து தசைக்குக் கட்டளை செல்லும் சந்திப்பில், கால்சியம் அயனிகள் நரம்பு முனைக்குள் நுழைவதால் அசிட்டைல்கோலின் என்னும் வேதிப்பொருள் வெளியாகிறது. மக்னீசியம் இந்நுழைவைத் தடுக்கிறது. அசிட்டைல்கோலின் வெளியாவது குறையவே தசை தளர்கிறது. மூச்சுவிட உதவும் உதரவிதானமும் தசையே ஆதலால் அதுவும் தளர்கிறது.

இரத்த நாளங்களின் சுவர்த்தசை தளர்வதால் குருதி அழுத்தம் வீழ்கிறது. முகமும் உடலும் சூடேறியது போல் சிவக்கின்றன. இதயத்தில் மின்கடத்தல் தாமதமாகித் துடிப்பு குறைகிறது. கேடயச் சுரப்பியை ஒட்டிய துணைச் சுரப்பிகளின் சுரப்பை மக்னீசியம் அடக்குவதால் குருதியில் கால்சியமும் குறையலாம். இவ்வாறு மக்னீசியம் கால்சியத்திற்கு எதிராக இயங்குவதனாலேயே, கால்சியம் இதற்கு மாற்று மருந்தாகிறது.

அறிகுறிகள்

குருதியில் மக்னீசியம் உயர உயர, அறிகுறிகள் பெரும்பாலும் ஓர் ஒழுங்கில் தோன்றுகின்றன. கீழுள்ள அளவுகள் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் தரப்பட்டுள்ளன. ஆளுக்கு ஆள் இவை சற்று மாறலாம்.

1.7 – 2.4: இயல்பான அளவு.
4.8 – 8.4: சூல்வலிப்புச் சிகிச்சையில் வேண்டப்படும் அளவு. உடல் சூடேறிய உணர்வு, முகம் சிவத்தல், குமட்டல், சோர்வு ஆகியவை காணப்படலாம்.
8.5 – 12: முழங்கால் அனிச்சைச் செயல் மறைதல், பேச்சுக் குழறல், மிகுந்த தூக்கம், தசைத் தளர்ச்சி, தாழ் குருதி அழுத்தம்.
12 – 16: மூச்சுத் தசைகள் செயலிழத்தல்.
18க்கு மேல்: இதய மின்கடத்தலில் கடும் மாற்றம்.
30க்கு மேல்: இதயம் நின்றுபோதல்.

மூச்சு நிற்பதற்கு முன்பே முழங்கால் அனிச்சைச் செயல் மறைந்துவிடுகிறது. முழங்கால் தசைநாணில் சிறு சுத்தியலால் தட்டும்போது கால் தானாக உதைப்பதே இவ்வனிச்சைச் செயல். ஆய்வுக்கூட வசதி இல்லாத இடத்திலும், ஆபத்து நெருங்குவதை ஒரு சுத்தியலால் முன்கூட்டியே அறிய இவ்வொழுங்கு துணைபுரிகிறது.

மகப்பேற்று மருத்துவத்தில் மக்னீசியம் சல்பேட்டு

கருவுற்ற பெண்களுக்கு உயர் குருதி அழுத்தத்துடன் ஏற்படும் வலிப்பு சூல்வலிப்பு எனப்படுகிறது. தாயின் உயிரையும் சேயின் உயிரையும் பறிக்கும் நோய் இது. இதற்கு மக்னீசியம் சல்பேட்டே முதன்மை மருந்து. ஐக்கிய அமெரிக்க மருத்துவர் ஜாக் பிரிச்சர்டின் பெயரால் வழங்கும் சிகிச்சை முறை உலகெங்கும் பரவியது.

1995 ஆம் ஆண்டில் வெளியான பன்னாட்டுச் சூல்வலிப்பு ஆய்வில் இந்திய மருத்துவமனைகளும் பங்குகொண்டன. மக்னீசியம் சல்பேட்டு பெற்ற பெண்களுக்கு மீண்டும் வலிப்பு வரும் வாய்ப்பு, டையசிபாம் பெற்றவர்களைக் காட்டிலும் 52 விழுக்காடும், பெனிட்டாயின் பெற்றவர்களைக் காட்டிலும் 67 விழுக்காடும் குறைவாக இருந்தது. 2002 ஆம் ஆண்டில் வெளியான மேக்பை ஆய்வு 33 நாடுகளில் பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தப்பட்டது. வலிப்பு வருமுன்னரே இம்மருந்தைத் தந்தால் வலிப்பு வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்பதை அது காட்டியது.

பிரிச்சர்ட் முறையில் முதலில் 4 கிராம் நரம்பு வழியாகவும், 10 கிராம் இரு பிட்டங்களிலும் பிரித்துத் தசையிலும் செலுத்தப்படுகிறது. பின்னர் 4 மணிக்கு ஒருமுறை 5 கிராம் தசையில் செலுத்தப்படுகிறது. பிள்ளைப்பேறு அல்லது கடைசி வலிப்பு, இவற்றில் பின்னதாக நிகழ்ந்ததிலிருந்து 24 மணி நேரம் வரை இது தொடரும். தெற்காசியப் பெண்களின் உடல் எடை குறைவு என்பதைக் கருத்திற்கொண்டு, வங்காளதேசத்தில் உருவான டாக்கா முறையில் தொடர் அளவு 2.5 கிராமாகக் குறைக்கப்பட்டது. இந்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, கிராமச் செவிலியர் முதல் அளவான 10 கிராமைத் தசையில் செலுத்தி, நோயாளியை உயர் மருத்துவமனைக்கு அனுப்பலாம்.

தொடர் அளவு ஒவ்வொன்றையும் செலுத்துமுன் மூன்று செய்திகளை உறுதிசெய்ய வேண்டும்.

முழங்கால் அனிச்சைச் செயல் இருத்தல்.
நிமிடத்திற்கு 16 முறையேனும் மூச்சு விடுதல்.
முந்தைய 4 மணி நேரத்தில் மணிக்கு 30 மில்லிலிட்டருக்குக் குறையாமல் சிறுநீர் கழிந்திருத்தல்.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் அடுத்த ஊசியைத் தருதல் ஆகாது. மூன்றாவது விதி குறிப்பாகக் கவனிக்கத்தக்கது. சூல்வலிப்பு நோய் சிறுநீரகத்தையும் தாக்குவதால், மருந்து வெளியேறும் வழியையே நோய் அடைத்துவிடக்கூடும். சிறுநீர் குறைந்த நிலையில், நேற்று ஏற்றதாக இருந்த அளவு இன்று நச்சாகிவிடுகிறது.

நச்சுத்தன்மைக்கு அஞ்சி மருந்தைத் தராமல் விடுவதும் தவறே. முதல் அளவின் பெரும்பகுதி உடல் முழுவதும் பரவிவிடுவதால், சிறுநீரகப் பழுதுள்ளவருக்கும் முதல் அளவு பொதுவாகத் தரத்தக்கது. குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியது தொடர் அளவுகளையே. வலிப்பினால் இறக்கும் தாய்மாரோடு ஒப்பிட்டால், மேற்கண்ட மூன்றையும் கண்காணித்துத் தரப்படும் மருந்தால் நேரும் தீங்கு மிக அரிது.

தசைச் சோர்வு நோயான மயஸ்தீனியா கிராவிஸ் உள்ளவர்களுக்கு இம்மருந்து தரலாகாது. அறுவைச் சிகிச்சையில் பயன்படும் தசை தளர்த்தி மருந்துகளின் செயலை இது மிகைப்படுத்தும் என்பதால், மயக்கவியல் மருத்துவரிடம் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். தாயின் குருதியில் உள்ள மக்னீசியம் சேய்க்கும் செல்வதால், பிறக்கும் குழந்தை தளர்ந்து காணப்படலாம். குறைப்பிரசவத்தைத் தள்ளிப்போடுவதற்காக 5 முதல் 7 நாள்களுக்கு மேல் தொடர்ந்து தருவது கருவின் எலும்புகளைப் பாதிக்கும் என ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் 2013 ஆம் ஆண்டில் எச்சரித்தது.

திண்டுக்கல் பகுதியின் நிலத்தடி நீர்

திண்டுக்கல் நகரும் அதைச் சூழ்ந்த சமவெளியும் சார்னோக்கைட்டு, நைசு முதலிய கடினப் பாறைகளின் மேல் அமைந்தவை. இப்பாறைகளில் உள்ள பைராக்சீன், ஆர்ன்பிளெண்டு, பயோட்டைட்டு ஆகிய கனிமங்கள் சிதையும்போது மக்னீசியம் நீரில் கரைகிறது. மழை குறைந்த இப்பகுதியில் நீர் நெடுங்காலம் பாறை வெடிப்புகளில் தங்குவதால் கரையும் உப்புகள் கூடுகின்றன.

இயற்கையோடு தொழிலும் இதில் சேர்ந்துள்ளது. குடகனாற்றின் மேல் வடிநிலத்தில் திண்டுக்கல்லைச் சுற்றித் தோல் பதனிடும் தொழிற்சாலைகள் பல இயங்கி வந்தன. பச்சைத் தோல்கள் உப்பிட்டே கொண்டுவரப்படுவதால், அவற்றை ஊறவைத்துக் கழுவிய நீரில் சோடியம் குளோரைடு மிகுந்திருக்கும். இந்நீர் மண்ணில் இறங்கும்போது, களிமண் துகள்களில் ஒட்டியிருந்த கால்சியம், மக்னீசியம் ஆகியவற்றின் இடத்தைச் சோடியம் பிடித்துக்கொள்கிறது. விடுபட்ட கால்சியமும் மக்னீசியமும் கிணற்று நீரைச் சேர்கின்றன. இவ்வாறு, ஆலை வெளிவிட்டது சோடிய உப்பாயினும் கிணற்றில் கடினத்தன்மையும் கூடுகிறது.

தோல் தொழிற்சாலைக் கழிவுகள் குறித்து 1991 ஆம் ஆண்டில் தொடரப்பட்ட வேலூர் குடிமக்கள் நல மன்றம் எதிர் இந்திய ஒன்றியம் என்னும் வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 1996 ஆகத்து 28 அன்று தீர்ப்பளித்தது. திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்ந்த 13 ஊர்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கெடுப்பு அத்தீர்ப்பில் சுட்டப்பட்டுள்ளது. அதன்படி, குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 மாசுபட்டிருந்தன. அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டம் உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களின் தோல் தொழிற்சாலைகள் ஒவ்வொன்றுக்கும் நீதிமன்றம் 10,000 உரூபாய் தண்டம் விதித்தது. இம்மாசு மக்னீசியத்தை மட்டும் குறிப்பதன்று. சோடியம், குளோரைடு, குரோமியம் ஆகியவையும் அதில் அடங்கும்.

குடிநீராக

இந்தியத் தர நிருவனத்தின் 2012 ஆம் ஆண்டுக் குடிநீர்த் தரநிலை, மக்னீசியத்திற்கு லிட்டருக்கு 30 மில்லிகிராமை ஏற்கத்தக்க அளவாகவும், வேறு நீர் கிடைக்காத இடத்தில் 100 மில்லிகிராமை உச்ச அளவாகவும் கொள்கிறது. சல்பேட்டு லிட்டருக்கு 200 மில்லிகிராமைத் தாண்டி 400 வரை இருக்க வேண்டுமாயின், மக்னீசியம் 30ஐத் தாண்டலாகாது என்றும் அது கூறுகிறது. மக்னீசியமும் சல்பேட்டும் சேர்ந்த நீர் பேதியுப்புக் கரைசலைப் போல் குடலை இளக்கும் என்பதே இதற்குக் காரணம்.

லிட்டருக்கு 100 மில்லிகிராம் மக்னீசியம் உள்ள நீரை ஒருவர் நாளொன்றுக்கு 3 லிட்டர் குடித்தாலும், கிடைப்பது 300 மில்லிகிராமே. அதிலும் ஒரு பகுதியே உறிஞ்சப்படுகிறது. நலமான சிறுநீரகம் அதை எளிதில் வெளியேற்றிவிடும். எனவே கடின நீரைக் குடிப்பதால் மட்டும் குருதி மக்னீசிய மிகைப்பு ஏற்படும் என்பது சரியன்று. முற்றிய சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும், உணவு, மருந்து ஆகியவற்றுடன் இவ்வளவையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

திண்டுக்கல் நகருக்கு ஆத்தூர் காமராசர் நீர்த்தேக்கம், வைகையாற்றின் பேரணை முதலிய இடங்களிலிருந்து குடிநீர் கொண்டுவரப்படுகிறது. நாகல் நகர் போன்ற நகர்ப்பகுதிகளில் மக்கள் குழாயில் வருவதை நல்ல தண்ணீர் என்றும், ஆழ்துளைக் கிணற்று நீரை உப்புத் தண்ணீர் என்றும் வேறுபடுத்தி, முன்னதைக் குடிக்கவும் பின்னதைப் புழங்கவும் கொள்வது வழக்கம். இவ்வழக்கம் மக்னீசியத்தைப் பொறுத்தும் பயனுடையதே.

டயாலிசிஸ் நீராக

டயாலிசிஸ் எனப்படும் கூழ்மப்பிரிப்பில் நிலைமை வேறு. நிமிடத்திற்கு 500 மில்லிலிட்டர் வீதம் 4 மணி நேரச் சிகிச்சையில் 120 லிட்டர் நீர்மம் பயன்படுகிறது. நோயாளியின் குருதிக்கும் இந்நீருக்கும் இடையே இருப்பது மெல்லிய சவ்வு ஒன்றே. குடலைப் போல் தடுப்பதற்கோ சிறுநீரகத்தைப் போல் வெளியேற்றுவதற்கோ அங்கு எதுவும் இல்லை. குருதியின் மக்னீசிய அளவு நீர்மத்தின் அளவை நோக்கி நகர்கிறது.

டயாலிசிஸ் நீர்மத்தில் வழக்கமாக வைக்கப்படும் மக்னீசியம் லிட்டருக்கு ஏறத்தாழ 12 மில்லிகிராம். அதைத் தயாரிக்கும் நீரில் மக்னீசியம் லிட்டருக்கு 4 மில்லிகிராமுக்கு மேல் இருக்கலாகாது என்பது பன்னாட்டுத் தரநிலை. லிட்டருக்கு 100 மில்லிகிராம் மக்னீசியம் உள்ள கிணற்று நீர், குடிநீர்த் தரநிலையின் உச்ச வரம்புக்குள் இருந்தும், இத்தரநிலையைப்போல் 25 மடங்கு. அத்தகைய நீர் நேராகப் பயன்பட்டால், மேலே குறித்த அட்டவணையில் அனிச்சைச் செயல் மறையும் படிநிலையை நோயாளியின் குருதி எட்டக்கூடும்.

தூய்மை செய்யப்படாத கடின நீரால் டயாலிசிஸ் நோயாளிகளுக்குக் குமட்டல், வாந்தி, தளர்ச்சி, குருதி அழுத்த மாற்றம் ஆகியவை ஏற்படுவது 1967 ஆம் ஆண்டில் கடின நீர்க் கூட்டறிகுறி என்ற பெயரில் விளக்கப்பட்டது. கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தே இதற்குக் காரணம். இதனால் டயாலிசிஸ் நிலையங்களில் நீர் முதலில் மென்னீராக்கி வழியாகவும், பின்னர்க் கரி வடிகட்டி, எதிர்ச் சவ்வூடு பரவல் ஆகியவற்றின் வழியாகவும் செலுத்தப்படுகிறது. கோடையில் குழாய் நீர் குறைந்து, ஆழ்துளைக் கிணற்று நீருக்கோ தண்ணீர் வண்டிக்கோ மாறும் நாள்களில் உள்வரும் நீரின் கடினத்தன்மையும் மாறிவிடும். ஆகவே மென்னீராக்கியின் பிசின் தீர்ந்துவிடவில்லை என்பதை நாள்தோறும் சோதிக்க வேண்டும்.

நோயறிதல்

குருதியில் சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் போல் மக்னீசியம் வழக்கமாகச் சோதிக்கப்படுவதில்லை. மருத்துவர் தனியே கேட்டால் மட்டுமே இச்சோதனை செய்யப்படும். தூக்கம், தளர்ச்சி, தாழ் குருதி அழுத்தம் ஆகியவை முதுமை என்றோ சிறுநீரக நோயின் விளைவு என்றோ கருதப்பட்டு, இந்நிலை கவனிக்கப்படாமல் போவதுண்டு. எனவே, உட்கொண்ட பேதி மருந்து, அமிலமுறி மருந்து ஆகியவற்றைக் கேட்டறிவது நோயறிதலின் முதற்படி. மருத்துவர் எழுதித் தராமல் கடையில் வாங்கியவற்றையும் நோயாளி சொல்ல வேண்டும். கிரியேட்டினின், கால்சியம், பொட்டாசியம் ஆகியவற்றின் அளவுகளும் இதய மின்னலை வரைவும் உடன் பார்க்கப்படும்.

சிகிச்சை

முதலில் மக்னீசியம் உள்ள எல்லா மருந்துகளும் நிறுத்தப்படும். அறிகுறிகள் இலேசாக இருந்து சிறுநீரகமும் நன்கு இயங்கினால் இதுவே போதுமானது. மூச்சோ இதயமோ பாதிக்கப்பட்டிருந்தால் 10 விழுக்காட்டுக் கால்சியம் குளுக்கோனேட்டு 10 மில்லிலிட்டர், அதாவது 1 கிராம், நரம்பு வழியாக மெதுவாகச் செலுத்தப்படும். இது மக்னீசியத்தை வெளியேற்றுவதில்லை. அதன் செயலைச் சிறிது நேரத்திற்கு முறியடிக்கிறது. அந்நேரத்தில் மூச்சுக்குத் துணைசெய்து, உப்புநீர்ச் சொட்டும் சிறுநீர் பெருக்கியும் தந்து மக்னீசியம் வெளியேற்றப்படுகிறது. சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கு மக்னீசியம் இல்லாத அல்லது குறைந்த நீர்மத்தைக் கொண்டு டயாலிசிஸ் செய்வதே விரைவான வழி. மக்னீசியம் சல்பேட்டு ஊசி தரப்படும் ஒவ்வோர் இடத்திலும் கால்சியம் குளுக்கோனேட்டு குப்பி கைக்கெட்டும் தொலைவில் இருக்க வேண்டும்.

தடுப்பு

சிறுநீரக நோய், நீண்டநாள் நீரிழிவு, உயர் குருதி அழுத்தம் ஆகியவை உள்ளவர்களும் முதியோரும் பேதியுப்பு, மக்னீசியம் கலந்த மலமிளக்கி, அமிலமுறி மருந்து ஆகியவற்றை மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளலாகாது.

மருந்தின் உறையில் மக்னீசியம் ஐதராக்சைடு, மக்னீசியம் ஆக்சைடு, மக்னீசியம் சல்பேட்டு, மக்னீசியம் சிட்ரேட்டு என்னும் பெயர்களில் எது இருந்தாலும் அது மக்னீசியமே. வெவ்வேறு பெயர்களில் உள்ள இரு மருந்துகளைச் சேர்த்து உட்கொள்ளும்போது அளவு இரட்டிப்பாகிறது.

பேதி மருந்து உட்கொண்டும் வயிறு கழியாமல் வயிற்று வலியோ வீக்கமோ இருந்தால், மீண்டும் உட்கொள்ளாமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

சூல்வலிப்புக்கு மருந்து பெறும் பெண்ணின் உடனிருப்போர், அவர் அளவுக்கு மீறி அயர்ந்து தூங்குதல், பேச்சுக் குழறுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே செவிலியரிடம் கூற வேண்டும்.

டயாலிசிஸ் நிலையங்கள் நீரின் மூலம் மாறும் ஒவ்வொரு முறையும் அதன் கடினத்தன்மையைச் சோதித்த பின்னரே சிகிச்சையைத் தொடங்க வேண்டும்.